சிக்கலை யார் எண்ணுவது: கேஸ் ஷீட்டா, நோயாளியா?

அதே 1,462 அறுவைகள்தான், கருப்பை, சினைப்பை போன்ற மகளிர் புற்றுநோய்களைப் பார்க்கும் மையங்களில் செய்தவை. மருத்துவமனை பதிவேட்டில் ஏற்றியதை மட்டும் எண்ணினால் அவற்றில் 11.8 சதவீதத்தில் அறுவைக்குப் பின் சிக்கல். அறுவை செய்துகொண்ட பெண்களுக்குக் கடிதம் போட்டு, அவர்கள் எழுதி அனுப்பியதை எண்ணினால் 15.8. பதிவேட்டில் இருந்ததோடு, பெண்கள் சொன்னவற்றில் ஆவணத்தைப் பார்த்து உறுதிசெய்ய முடிந்ததையும் சேர்த்தால் 19.4. யார் சொன்னாலும் சரி என்று எல்லாவற்றையும் கூட்டினால் 25.9.

பிரிட்டனில் மகளிர் புற்றுநோய்க்கான 10 சிறப்பு மையங்களில் 2010 ஏப்ரல் முதல் 2012 பிப்ரவரி வரை நடந்த பெரிய அறுவைகளைப் பற்றி, 2013-இல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர்’ இதழில் வந்த ஆய்வின் எண்கள் இவை. கத்தியைப் பிடித்த கை மாறவில்லை, நோயாளிகளும் மாறவில்லை. யாரைக் கேட்டார்கள் என்பது மட்டும் மாறியது. விடை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

மகளிர் புற்றுநோய் அறுவைப் பிரிவு ஒன்று தன் சிக்கல் பதிவேட்டைப் புதிதாக வடிவமைக்கிறது என்று வையுங்கள். அதன் முன்னால் இருப்பவை இந்த நான்கு வழிகள்தான். எதைத் தேர்ந்தெடுப்பது?

எது சிக்கல் என்று முதலில்

உலகெங்கும் அறுவைப் பிரிவுகள் பெரும்பாலும் கையாள்வது கிளேவியன்–டிண்டோ அளவுகோல். இன்றைய வடிவம் 2004-இல் வந்தது. வழக்கத்திலிருந்து சிறிய விலகல், வலிமாத்திரை, வாந்தி மருந்து, காய்ச்சல் மாத்திரை அளவில் முடிந்தால் 1-ஆம் நிலை. ஆன்டிபயாடிக் போன்ற வேறு மருந்தோ, ரத்தம் ஏற்றுவதோ தேவைப்பட்டால் 2. மறுபடி தியேட்டருக்குப் போனாலோ, ஸ்கேன் பார்த்தபடி சீழை வடிக்கக் குழாய் போட்டாலோ, எண்டோஸ்கோப்பி செய்தாலோ 3. உயிருக்கு ஆபத்தாகி ஐ.சி.யூ.வுக்குப் போனால் 4. இறப்பு 5. மேலே சொன்ன சதவீதங்கள் எல்லாம் 2 முதல் 5 வரையிலான நிலைகளுக்கு உரியவை.

இந்த அளவுகோல் வேதனையை அளப்பதில்லை, வைத்தியத்தை அளக்கிறது. தையல் ஓரத்தில் சீழ் கட்டி, வார்டிலேயே இரண்டு தையலைப் பிரித்து விட்டால் 1-ஆம் நிலை. அதே சீழுக்கு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எழுதினால் 2-ஆம் நிலை. ஆகவே 2-ஆம் நிலைச் சிக்கல் என்பது யாரோ ஒருவர் எழுதிய மருந்துச் சீட்டில் பிறக்கிறது. அந்தச் சீட்டை எழுதியவர் பல வேளைகளில் அறுவை செய்த மருத்துவமனையில் இல்லை, பெண்ணின் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் இருக்கிறார். மொத்தச் சண்டையும் இங்கேதான் தொடங்குகிறது.

முதல் வழி: பதிவேடு மட்டும்

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மயக்கத்தில் இருக்கும் பெண்ணுக்குத் தெரியாதது பதிவேட்டுக்குத் தெரியும். சிறுநீர்ப்பையில் விழுந்த சின்னக் கிழிசலைத் தியேட்டரிலேயே தைத்தது, குடலின் மேல்தோல் உரிந்தது, எத்தனை யூனிட் ரத்தம் ஏறியது, எத்தனை மணிக்கு ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள், இதெல்லாம் நேரத்தோடும் அளவோடும் எழுதப்பட்டிருக்கும். பதில் கடிதம் வருமா என்று காத்திருக்க வேண்டியதில்லை. அறுவை செய்த அத்தனை பேரும் கணக்கில் இருப்பார்கள், இறந்தவர் உட்பட.

பலவீனம் டிஸ்சார்ஜ் நாளில் இருக்கிறது. ‘அறுவைக்குப் பின் பிரச்சினை ஏதுமில்லை, நலமாக வீடு திரும்பினார்’ என்ற வரியைப் பயிற்சி மருத்துவர் டிஸ்சார்ஜ் சம்மரியில் அடிக்கிறார். அடிக்கும் நேரத்தில் அது உண்மை. ஆனால் இந்த அறுவைகளின் பல சிக்கல்கள் தாமதமாக வருபவை. கருப்பைக்குப் பக்கத்தில் ஓடும் சிறுநீர்க்குழாயில் சூடு பட்டிருந்தால் அன்றைக்கே ஒழுகாது. பட்ட இடம் செத்து உதிர்ந்து, பத்து பதினான்கு நாள் கழித்துப் பெண்ணுக்குத் தானாக ஈரம் கசியும். கருப்பையை எடுத்தபின் யோனியின் மேல்முனையில் போட்ட தையல் விட்டுப்போவதும் வாரக்கணக்கில் தள்ளி நடப்பது. காலில் ரத்தம் உறைவதும் அப்படியே. இத்தாலியில் புற்றுநோய் அறுவை செய்துகொண்ட 2,373 பேரைப் பின்தொடர்ந்து 2006-இல் வெளிவந்த ஆய்வில், ரத்த உறைவுகளில் 40 சதவீதம் 21 நாள் கழிந்த பிறகே வந்தன. லேப்ராஸ்கோப்பியில் இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பும் காலம் இது. டிஸ்சார்ஜோடு நின்றுவிடும் பதிவேடு, முதல் காட்சியோடு எழுந்து போன ஆள் கதை சொல்வது மாதிரி.

இன்னொன்றும் இருக்கிறது, பிரிட்டன் ஆய்வைப் படிக்கும்போது என்னை அதிகம் நிறுத்தியது இதுதான். பதிவேட்டின்படி சிக்கல் வந்த அறுவைகள் 172. பெண்கள் சொன்னதை மருத்துவமனை ஆவணங்களில் தேடிச் சரிபார்த்துச் சேர்த்தபின் 283. இடைப்பட்ட 111 அறுவைகளின் சிக்கல் மருத்துவமனைக்குத் தெரியாதது அல்ல. அதன் சொந்தக் காகிதத்தில் எங்கோ ஒரு பக்கத்தில் இருந்தது. ஓ.பி. சீட்டிலோ, இரண்டாம் முறை அட்மிஷன் போட்ட கோப்பிலோ இருந்திருக்கலாம். பதிவேட்டில் மட்டும் ஏறவில்லை. ஒரு பெண் கடிதத்தில் எழுதிய பிறகுதான் யாரோ போய்த் தேடினார்கள். ‘நோயாளி மிகைப்படுத்துவார், எங்கள் ஆவணம் பேசும்’ என்று சொல்பவர்கள் முதலில் தங்கள் ஆவணத்தைத் தாங்களே படித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

(கட்டணத்துக்காகப் போடும் நோய்க் குறியீடுகளை வைத்தே சிக்கலை எண்ணுவது மலிவான கிளை வழி. அது பணம் வசூலிக்கச் செய்த கருவி. இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.)

பதிவேட்டு வழியை உருப்படியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் தர மேம்பாட்டுத் திட்டத்தில், இதற்கென்றே பயிற்சி பெற்ற மீளாய்வாளர், அறுவையிலிருந்து 30 நாள் வரை ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன ஆனது என்று திரட்டுகிறார். நோயாளி எங்கிருந்தாலும் 30 நாள் என்றால் 30 நாள். கேஸ் ஷீட்டில் பதில் கிடைக்காதபோது அவர் செய்வது என்ன? நோயாளிக்குப் போன் போடுகிறார், கடிதம் எழுதுகிறார். அதாவது, நன்றாக நடக்கும் மருத்துவமனை வழியும் கடைசியில் நோயாளியிடம்தான் போய் நிற்கிறது.

இரண்டாம் வழி: நோயாளி சொல்வது மட்டும்

இங்கே பயம் ஒன்றே ஒன்று: சொல்வது நம்பத்தக்கதா? பெரிய சிக்கல்களைப் பொறுத்தவரை அதற்கு விடை கிடைத்துவிட்டது. பிரிட்டன் ஆய்வில் பெண்கள் தெரிவித்த 3 முதல் 5 வரையிலான நிலைச் சிக்கல்கள் 36. ஆவணத்தைப் புரட்டியபோது 36-உம் உண்மை. இரண்டாம் முறை தியேட்டருக்குப் போனதை யாரும் கற்பனை செய்வதில்லை.

ஆனால் அதே ஆய்வில் இந்த நிலைச் சிக்கல்கள் மொத்தம் 50. மிச்சம் 14 மருத்துவமனைப் பதிவில் மட்டுமே இருந்தன. எனவே நோயாளியை மட்டும் நம்பினாலும் ஓட்டை உண்டு. 2-ஆம் நிலையில் நிலைமை இன்னும் கலங்கல். அவர்கள் சொன்னதில் பாதிக்கு மேல் உறுதியாயிற்று, எல்லாம் ஆகவில்லை. ஆகாதது பொய் என்று அர்த்தமில்லை. யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு மாத்திரை கொடுத்த கிளினிக்கின் குறிப்பேட்டை யாரும் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பார்த்திருந்தால் இன்னும் அதிகம் உறுதியாகியிருக்கக் கூடும்.

எனக்குப் பெரிய தடையாகத் தெரிவது வேறு. கடிதத்துக்குப் பதில் போட்டது 68 சதவீதம். 2,152 அறுவைகளில் 690-க்கு விடை வரவில்லை. அதில் சொல்ல ஒன்றுமில்லாதவர் எத்தனை, எழுந்து உட்கார்ந்து எழுத முடியாதவர் எத்தனை? நோயாளிக் கணக்கை மட்டும் நம்பினால் மிக மோசமாக இருப்பவரே விட்டுப்போகும் வாய்ப்பு உண்டு. இறந்தவர் பதில் எழுதுவதில்லை.

அடுத்த குழப்பம் மகளிர் புற்றுநோய்க்கே உரியது. சினைப்பைப் புற்றுநோயில் அறுவை முடிந்த சில வாரங்களில் கீமோ தொடங்கிவிடும். அப்போது வரும் காய்ச்சலும் வாந்தியும் வெள்ளணுக் குறைவும் எதன் கணக்கு? கருப்பைவாய்ப் புற்றுநோயில் அறுவைக்குப் பின் கதிர்வீச்சு கொடுத்தால் சிறுநீர் கடுக்கும். பெண்ணுக்கு அது ‘ஆபரேஷனுக்கு அப்புறம் வந்த கடுப்பு’. அவர் சொல்வது கால வரிசைப்படி சரி, காரணம்தான் வேறு. சினைப்பைகளை எடுத்தபின் உடம்பில் அனல் பறப்பதும் இப்படியே. அது தவறி வந்த சிக்கல் இல்லை, அந்த அறுவையின் எதிர்பார்த்த விளைவு. 2004-இன் வரையறையே இவை இரண்டையும் பிரித்து வைக்கிறது. பெண்ணுக்கு இந்த வித்தியாசம் பொருட்டல்ல, நியாயம்தான். பதிவேட்டுக்குப் பொருட்டு. இந்தப் பிரிப்பை மருத்துவம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து செய்தாக வேண்டும்.

இரண்டையும் சேர்ப்பது: கூட்டியா, சல்லடை போட்டா?

ஒரு சின்னக் கணக்கு. பதிவேட்டுப்படி 172 அறுவைகள், பெண்கள் சொன்னபடி 231. கூட்டினால் 403. ஆனால் மொத்தம் 379 என்கிறது ஆய்வு. அப்படியானால் இரு பட்டியலிலும் இருந்த அறுவைகள் 24 மட்டுமே. ஒரே ஆற்றின் இரு கரையில் நின்று இரண்டு பேர் வலை வீசியது போல, மீன்கள் பெரும்பாலும் வேறு வேறு. ஆஸ்பத்திரிக்குள் நடந்ததை ஒருவர் பிடித்தார், வீட்டில் நடந்ததை மற்றவர் பிடித்தார். இவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடு என்று கேட்பதே தவறான கேள்வி.

சேர்ப்பது என்று முடிவானால் 19.4-ஆ, 25.9-ஆ? என் தேர்வு: இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், கலக்காதீர்கள். பதிவேட்டில் மூன்று நிரல்கள் போதும்: மருத்துவமனை எழுதியது, நோயாளி சொல்லி உறுதியானது, நோயாளி சொல்லி இன்னும் உறுதியாகாதது. எந்த எண்ணை எடுப்பது என்பதை, யாரிடம் சொல்லப் போகிறோம் என்பது முடிவு செய்யட்டும்.

இரண்டு பிரிவுகளை, இரண்டு அறுவை முறைகளை ஒப்பிட வேண்டுமா? 3-ஆம் நிலையையும் அதற்கு மேல் உள்ளதையும் மட்டும் எடுங்கள். அந்த ஆய்வில் அது 1,462-க்கு 48, அதாவது 3.3 சதவீதம். இரு பட்டியலையும் சேர்த்தபின், சரிபார்த்தாலும் சரிபார்க்காவிட்டாலும் மாறாத எண் அது. 2-ஆம் நிலையைச் சேர்த்தால், ஒழுங்காகக் கேட்டு எழுதும் பிரிவு மோசமாகத் தெரியும், கேட்காத பிரிவு தங்கமாக மின்னும். 11.8 உள்ள இடமும் 19.4 உள்ள இடமும் ஒரே இடமாகவே இருக்கக்கூடும் என்பதை இந்த ஆய்வு காட்டிவிட்ட பிறகு, கேட்கும் முறையைச் சொல்லாமல் தரவரிசை போடுவது நேர்மையில்லை. நோய் முற்றியவரையும், குடலையும் சேர்த்து வெட்ட வேண்டியிருந்தவரையும் ஆரம்பக் கட்டக் கருப்பை அறுவையோடு ஒரே தட்டில் நிறுத்தக் கூடாது என்பது தனிக் கதை.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கும்முன் ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டுமா? அப்போது பெரிய எண் வேண்டும், பிரித்துச் சொல்ல வேண்டும். “நூற்றுக்கு மூன்று பேருக்கு மறுபடி தியேட்டரோ ஐ.சி.யூ.வோ போல ஏதாவது தேவைப்படலாம். அதைவிடப் பல மடங்கு பேருக்கு, வீட்டுக்குப் போன பிறகு மாத்திரை சாப்பிட வேண்டிய அளவில் ஏதாவது வரலாம்.” இதில் இரண்டாவது வாக்கியம் பதிவேட்டை மட்டும் பார்ப்பவரால் சொல்ல முடியாதது. சொல்லப்படாத பெண், மூன்றாம் வாரம் தையலில் சீழ் வந்ததும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்வார்.

சரிபார்க்கும் வேலையை எங்கே செலவிடுவது என்பதற்கும் அந்த 36-க்கு 36 விடை தருகிறது. பெரிய சிக்கலைச் சரிபார்க்க அலைய வேண்டாம், அதன் தேதியைக் குறித்துக்கொண்டால் போதும். நேரத்தை 2-ஆம் நிலைக்கு வையுங்கள். பக்கத்துக் கிளினிக்குக்குக் கடிதம் எழுதிக் காத்திருப்பதைவிட, மருந்துச் சீட்டையோ மாத்திரை அட்டையையோ போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வது எளிது. மருந்தின் பெயர் தெரிந்தால் பாதி உறுதியாயிற்று.

கேட்கும் விதம்

கடிதம் மலிவு, பெண் தன் வேகத்தில், தனியாக எழுதலாம். எழுத்துக் கூடாதவரும் கைநடுக்கம் உள்ளவரும் விட்டுப்போவார்கள். போனில் பதில் அதிகம் கிடைக்கும், ஆனால் அறுவை செய்த இடத்திலிருந்து பேசுகிறார்கள் என்றால் பல பெண்கள் குறை சொல்லத் தயங்குவார்கள். அதனால் போன் செய்பவர் அறுவைக் குழுவில் இல்லாத நர்ஸாக இருப்பது நல்லது.

செயலி மூன்றாவது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் கீமோ எடுத்த 766 பேரைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2017-இல் வந்தது. தங்கள் அறிகுறிகளைத் தாங்களே கணினியில் பதிந்து, கடுமையானால் நர்ஸுக்குத் தகவல் போன குழுவின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம்) 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் 26.0. அது கீமோ நோயாளிகளில் கிடைத்த முடிவு. அப்படியே அறுவைக்கு ஒட்டவைக்கக் கூடாது. ஆனால் அதில் இருந்தது வெறும் பதிவேடு இல்லை, மறுமுனையில் ஒரு நர்ஸும் இருந்தார். இதை மறந்துவிட்டுக் கேட்க ஆரம்பிப்பது ஆபத்து. ‘இடது கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது’ என்று ஒரு பெண் எழுதிய கடிதம் தணிக்கைக் கூட்டம் வரை உறையைப் பிரிக்காமல் மேசையில் கிடந்தால், கேட்காமலே இருந்திருக்கலாம். கேட்டுவிட்டோம் என்பதாலேயே அவர் வேறு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கக் கூடும்.

கேள்வியின் சொற்கள் எண்ணிக்கையையே மாற்றும். “அறுவைக்குப் பின் சிக்கல்கள் ஏதும் ஏற்பட்டனவா?” என்றால், “இல்லம்மா, நல்லா இருக்கேன்” என்று வரும். புற்றுநோயிலிருந்து தப்பி வந்தவருக்குச் சீழெல்லாம் சிக்கலா? இப்படிக் கேட்க வேண்டும்:

“வீட்டுக்குப் போனதுக்கு அப்புறம் புதுசா ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா? எத்தனை நாள்? எதுக்குன்னு சொல்லிக் கொடுத்தாங்க?”

“உங்களை அறியாம துணி ஈரமாகுதா? எப்பவாவதா, நாள் பூராவா? மூத்திர வாடை வருதா?”

“எங்கயாவது மறுபடி அட்மிட் ஆனீங்களா, ஒரு ராத்திரியாவது?”

“ஒரு கால் மட்டும் வீங்குச்சா?”

இரண்டாவது கேள்வி முக்கியம். அறுவைக்குப் பின் கொஞ்சம் நீர் படுவது சகஜம் என்று டிஸ்சார்ஜ் நாளில் சொல்லி அனுப்பியிருப்போம். சிறுநீர்க்குழாய் ஒழுகும் பெண் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, துணி மாற்றி மாற்றி, யாரிடமும் சொல்லாமல் இரண்டு வாரம் ஓட்டுவார். பக்கத்தில் மகனோ மருமகளோ இருக்கும்போது இதைக் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். “இப்ப தனியா இருக்கீங்களாம்மா?” என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எப்போது கேட்பது? ஒருமுறைதான் முடியும் என்றால் 30-ஆம் நாளை ஒட்டி. தொற்று, ரத்த உறைவு, ஒழுகல் எல்லாம் பெரும்பாலும் அதற்குள் தலைகாட்டிவிடும், மற்றவர்கள் எண்ணிக்கையோடும் ஒப்பிடலாம். நிணநீர் வீக்கத்துக்கு மட்டும் இது போதாது. அது மாதக்கணக்கில் மெதுவாக ஏறும். வெளிப்பிறப்புறுப்புப் புற்றுநோயில், 2008-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு ஒன்றின்படி, தொடையிடுக்கில் காவல் கணுவை (புற்று முதலில் பரவக்கூடிய நிணநீர்க் கணுவை) மட்டும் எடுத்தவர்களில் கால் வீக்கம் 1.9 சதவீதம், கணுக்கள் முழுவதையும் எடுத்தவர்களில் 25.2. 30-ஆம் நாளோடு பதிவேட்டை மூடியிருந்தால், ஒரு அறுவை முறையை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதற்கான காரணங்களில் ஒன்று கண்ணிலேயே பட்டிருக்காது. கணுக்களை எடுக்கும் அறுவைகளுக்கு ஆறாம் மாதமும் ஓராண்டிலும் இன்னொரு போன் அவசியம்.

ஒரே ஒரு நர்ஸ், வாரத்துக்கு அரை நாள், ஒரு போன். அவ்வளவுதான் இருக்கிறது என்றால்? 3-ஆம் நிலையையும் அதற்கு மேல் உள்ளதையும் பதிவேட்டிலேயே எடுங்கள். போன் நேரம் முழுவதையும் 30-ஆம் நாள் கேள்விகளுக்கு வையுங்கள். அத்தனை பேரையும் கூப்பிட முடியாவிட்டால், பேசச் சுலபமானவர்களாகப் பார்த்துக் கூப்பிடாமல், ஒன்று விட்டு ஒன்று என்று எண் வரிசைப்படி கூப்பிடுங்கள். மூன்று முறை அடித்தும் எடுக்காதவரை ‘சிக்கல் இல்லை’ நிரலில் போடாமல் ‘தெரியவில்லை’ என்று தனியாக எழுதுங்கள்.

பழைய எண்ணும் முறையையும் முதல் ஓராண்டுக்கு நிறுத்த வேண்டாம். இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாகத்திலிருந்து யாராவது எழுந்து, போன வருஷம் இருந்ததைவிட இவ்வளவு ஏறியிருக்கிறதே, தியேட்டரில் என்ன நடக்கிறது என்று கேட்கும்போது, தியேட்டரில் ஒன்றும் மாறவில்லை, போன்தான் புதிது என்று காட்டக் கையில் தாள் இருக்காது.